கற்பூரக்காவும் மலைமேல் குழியும்

ஓசூருக்கும் பாகலூருக்கும் நடுவில் எங்கள் கற்பூரக்காவின் முகத்துக்கு நேரே பொய் சொல்லிவிட்டுத் தப்பித்த ஆம்பளையும் கிடையாது, பொம்பளையும் கிடையாது, போலீஸ்காரரும் கிடையாது.

அக்காவின் இடுப்பில் எப்போதும் ஒரு மூக்குப்பொடி டப்பா இருக்கும். உள்ளே பொடி இல்லை, கற்பூர வில்லைகள். கூடவே தீப்பெட்டி. யார் பேச்சிலாவது சந்தேகம் வந்தால் டப்பாவைத் திறந்து ஒரு வில்லையைக் கொளுத்துவாள். "அடிச்சு சத்தியம் பண்ணு" என்பாள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் கண் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தமிழ்க்காரரிடம் சத்தியம் கேட்பாள், தெலுங்குக்காரரிடம் ஒட்டு கேட்பாள், கன்னடக்காரரிடம் ஆணெ கேட்பாள். பாஷை தெரியாது என்று யாரும் நழுவ முடியாது.

டப்பா மூடியிருக்கும்போது அக்காவே சொல்கிற பொய்க்கு அளவில்லை, அது வேறு விஷயம். தன் எருமை வேளைக்கு ஒரு குடம் கறக்கிறது என்பாள். அது கிடா என்று ஊருக்கே தெரியும். ஆனால் திறந்த டப்பாவுக்கு முன்னால் மட்டும் அவள் வாயில் பொய் வராது.

அவள் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் பெர்மனென்ட் வேலை என்றார் அவன் மாமா. அந்தக் காலத்தில் ஓசூரில் பெண் கேட்டு வந்த எல்லா மாப்பிள்ளையும் பெர்மனென்ட்தான். அக்கா தாம்பாளத்திலேயே கற்பூரத்தை ஏற்றினாள். மாமா தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். போனவர் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிவிட்டார். மாப்பிள்ளை அடுத்த பஸ்ஸில்.

இன்னொரு தரம் ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த டாக்டர் "வலிக்காதும்மா" என்றார். "அப்ப இத அடிங்க சார்" என்று டப்பாவைத் திறந்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவளுக்கு மலைமேல் கோல்ஃப் மைதானத்தில் வேலை கிடைத்தது. எண்பதுகளில், கம்பெனி முதலாளிகளும் பெங்களூர்ப் பணக்காரர்களும் சேர்ந்து போட்ட மைதானம் அது. மெம்பர் இல்லாத ஆள் கேட்டைத் தாண்ட முடியாது. களை பிடுங்குகிற நாங்கள் மட்டும் தாண்டலாம். ஒரு கோழிமுட்டை அளவு பந்தை ஒரு குழியில் தள்ள இவ்வளவு பெரிய மலை எதற்கு என்று எங்களுக்கு விளங்கவே இல்லை.

குறைந்த அடியில் குழியில் போட்டவர் ஜெயித்தவர். எத்தனை அடி என்று அடித்தவரே சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் அக்காவுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"அவங்க அடிச்சத அவங்களே எண்ணிக்கிறாங்களா? ரொம்ப நல்லா இருக்குதே இந்த ஆட்டம்!"

அன்றிலிருந்து புதர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவள் களை பிடுங்குவாள். புதருக்குள் ஒன்பது அடி அடித்துவிட்டு வெளியே வந்து "அஞ்சு" என்றார் ஒரு முதலாளி. அக்கா இடுப்பில் கை வைத்தாள். எங்கள் சூப்பர்வைசர் கன்னடக்காரர், "பேடம்மா, பேடா!" என்று வேண்டாம் வேண்டாமெனக் கெஞ்சிக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். சேதி பரவிவிட்டது. அதன் பிறகு அவள் தலை தெரிந்தால் போதும், எல்லா முதலாளிகளும் பயத்தில் ஓர் அடி கூட்டியே சொன்னார்கள்.

கூட்டவும் குறைக்கவும் செய்யாத ஒரே ஆள் நடைத்துரை. அது நாங்கள் வைத்த பெயர். ரிட்டயரான பெரிய ஆபீசர். அவர் அடிக்கிற பந்து குழியைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும், அதைத் தேடி நடந்துகொண்டே இருப்பார். மற்றவர்கள் எங்களை "ஏய், தள்ளு" என்பார்கள். இவர் தொப்பியைத் தூக்கி, "கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா, என் பந்து எங்க வரும்னு எனக்கே தெரியாது" என்பார்.

அவர் ஊரைவிட்டு மகன் வீட்டோடு இருக்கப் போகிற கடைசி ஞாயிறு வந்தது. ஒரே அடியில் குழியில் போட்டவர்களின் பெயரை அங்கே ஒரு பலகையில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். தன் பெயரும் அதில் வர வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. எல்லோரும் அதைச் சொல்லித்தான் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

அன்று நானும் அக்காவும் ஒரு மேட்டுக்குப் பின்னால் குழியோரம் உட்கார்ந்திருந்தோம். அடிக்கிற இடத்திலிருந்து குழியில் நட்ட கொடியின் நுனி மட்டும்தான் தெரியும். நடைத்துரையின் பந்து பாறையில் மோதி, திரும்பி, உருண்டு வந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அக்கா அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். கால் கட்டைவிரலை நீட்டி ஒரு தட்டு. தொபுக்.

"உழுந்துருச்சு! துரை, உழுந்துருச்சு!" என்று ஊரைக் கூட்டினாள்.

மேட்டைத் தாண்டி எல்லோரும் ஓடி வந்தார்கள். கிளப் செக்ரட்டரி குழியைப் பார்த்தார், நடைத்துரையைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"இவர் பந்தா? நேரா போச்சா? ஏம்மா, எல்லாரையும் மிரட்டுவியே, இப்ப நீ அடி பாக்கலாம் கற்பூரத்த!"

எல்லோரும் சிரித்தார்கள். நடைத்துரை அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"வேண்டாம்மா. விட்டுடுங்க. பேரு இல்லேன்னா பரவால்ல."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அக்கா ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பாள். டப்பாவைத் திறந்தாள். புல்லில் வைக்கப் போனாள். "புல்லு, புல்லு!" என்று சூப்பர்வைசர் அலறினார். "சரி, கையிலயே வெச்சுக்கறேன்" என்று இடது உள்ளங்கையில் ஏற்றி, வலது கையால் ஓங்கி அடித்தாள்.

"பந்து தானா போச்சு. சாமி சத்தியமா!"

செக்ரட்டரி மீசையிலிருந்து கையை எடுத்தார். நடைத்துரை எங்கள் இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டார். அன்று மத்தியானமே ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிட்டு அவர் பெயரைப் பலகையில் எழுதவைத்தார்கள்.

சாயங்காலம் மலை இறங்கும்போது அக்கா முன்னால் நடந்தாள். ஒரு கண்ணை மூடினாள், திறந்தாள். மறு கண்ணை மூடினாள், திறந்தாள்.

"ஏன்டி, அந்தக் கம்பெனி புகைக்கூண்டு தெரியுதா உனக்கு?"

"தெரியுதுக்கா."

"எனக்கும் தெரியுது." கொஞ்ச தூரம் போய், "இப்ப?"

"இப்பவும் தெரியுதுக்கா."

வளைவு திரும்பியதும் நின்றாள்.

"நீ பாத்தியா?"

"எதக்கா?"

"பந்த."

"இல்லக்கா. நான் புல்லத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"கற்பூரம் அடிப்பியா?"

நான் உள்ளங்கையை நீட்டினேன்.

அக்கா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். பிறகு டப்பாவை எடுக்காமல், கொப்புளம் கிளம்பியிருந்த தன் கையை அதில் வைத்தாள். ரோடு வருகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நடந்தோம். அந்தக் கை அனலாய்க் கொதித்தது. நான் விடவில்லை.