பந்தலில் கட்டிய போட்

நான் ஒரே ஒரு தடவைதான் பந்தல் சரித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கேட்டால் அதுதான் என் தொழில் என்பார்கள்.

என் தொழில் கயிறு கட்டுவது. துறைமுகத்துக்குள் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடுகிற பயணிகள் போட்டில் லஸ்கர். போட் ஜெட்டியை, அதாவது படகுத்துறையை, ஒட்டும்போது கயிற்றோடு குதித்து, அங்கே இருக்கும் இரும்பு முளையில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான். படிப்பு எட்டாவது (ஃபெயில். அதைக் கழித்தால் ஏழாவது). அப்போது நான் தினக்கூலி. நிரந்தரம் ஆக்கும் ஃபைல் ஒரு பெரிய அதிகாரியின் மேஜையில் ஐந்து வருஷமாக இருந்தது. மேஜைதான் ரெண்டு தடவை மாறியது.

எந்த ஜெட்டி என்று எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதைப் புதுப்பிக்கிறோம் என்று முதலில் கூரையைப் பிரித்தார்கள். பிறகு எங்கள் தீவுக்கு டைல்ஸ் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரணும் என்றார்கள். டைல்ஸ் வந்தது. ஒட்டுகிற ஆள் வரவில்லை. ஆள் வந்தார். மழை வந்தது. இப்படி ரெண்டு வருஷம். பேர் வெட்டின கல் மட்டும் சொன்ன தேதிக்கு வந்தது.

கடைசியில் ஹால் தயார். திறப்பு விழா வரைக்கும் பூட்டு. ஆனால் ஹாலிலிருந்து போட் வரைக்கும் ஜனங்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்குக் கூரை இல்லை. ப்ளானிலேயே இல்லையாம். மனு கொடுத்தோம். "பார்க்கலாம்" என்றார்கள்.

மீன் விற்கிற மாலதி தீதி தினமும் எங்கள் போட்டில்தான் வருவார். வங்காளி; தீதி என்றால் அக்கா. நனைந்தபடி ஹிந்தியில் சொல்வார்: "மீன் தண்ணியில பொறந்தது ராஜு, நனையலாம். நான் எங்கம்மா வயித்துல பொறந்தவ."

விழா அன்று காலையில் என் மனைவி கமலா சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"அந்த ஃபைல் சாரு வர்றாராம்ல. அவரு கண்ணுல படுற மாதிரி நில்லு" என்றாள்.

கண்ணில் பட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை.

போட் செராங் ஹம்ஸா காக்கா. போட்டை ஓட்டுபவர் அவர்தான். ஒரு வருஷமாக ஜெட்டியின் அடுத்த பக்கத்தில்தான் கட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் பழைய பக்கம். கிளம்பும் முன்னாடியே காக்கா சொன்னார்: "அங்கே பழைய முளை கிடையாது. புதுசு பத்தடி தள்ளி. சுனா?"

"சுனா காக்கா."

கேட்டது காதுதான். கைக்கு யாரும் சொல்லவில்லை.

பழைய முளையைப் பிடுங்கின குழியை மூடாமல் விட்டிருந்தார்கள். பந்தல்காரருக்கு அது வசதியாகப் போயிற்று. காங்கிரீட்டில் வேறெங்கே நடுவார்? அதில் ஒரு கால் நட்டு, சிவப்புத் துணி சுற்றிவிட்டார். பந்தலின் கீழே ஐந்து நாற்காலி. நடுவில் அந்த அதிகாரி. ஜனங்கள் வெளியே, வானத்தின் கீழே.

போட் ஒட்டியது. குதித்தேன். சாதாரணமாகக் குதித்திருக்கலாம். அதிகாரி பார்க்கிறார் என்று ஒரு எட்டு அதிகமாகத் தாவினேன். அவர் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுற்றினேன். முளை உயரமாக இருந்தது. தொட்டால் மெத்தென்று இருந்தது. ஒரு நொடி யோசித்தேன். புதுப்பித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ரெண்டு சுற்று, ஒரு முடிச்சு. நல்ல முடிச்சு. கையைத் தூக்கிக் காட்டினேன். போட்டின் பின்பக்கத்தை ஜெட்டியோடு சேர்க்கக் காக்கா எப்போதும் கொஞ்சம் ரிவர்ஸ் போடுவார். போட்டார்.

பந்தல் உடனே விழவில்லை. முதலில் கும்பிடுகிற மாதிரி குனிந்தது. பிறகு மூங்கில், துணி, தோரணம் எல்லாம் ஒன்றாக இறங்கின. ஒருத்தருக்கும் அடி இல்லை, அது கடவுள் புண்ணியம். துணிக்குள்ளே ஐந்து மேடு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அதில் எது என் ஃபைல் என்று தெரியவில்லை.

"அரே ராஜு, க்யா பாந்தா ரே தூ?" என்று காக்கா மேலேயிருந்து கேட்டார். எதைக் கட்டினாய் என்றால் நான் என்ன சொல்வது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். இறுகிவிட்டது. நல்ல முடிச்சு என்று முன்பே சொன்னேன்.

அதிகாரிகள் வெளியே வந்தார்கள். அப்போது மழை வந்தது. எங்கள் ஊர் மழை வரும்போது சொல்லிக்கொண்டு வராது. ஹாலுக்குள் போகலாம் என்றால் பூட்டு. சாவி ரிப்பன் தட்டில் இருந்தது. தட்டு பந்தலுக்கு அடியில். ஐந்து பேரும் ஜனங்களோடு வரிசையில் நின்றார்கள்.

மாலதி தீதி தன் குடையை அந்த அதிகாரியின் பக்கம் நீட்டினார். ரெண்டு கம்பி ஒடிந்த குடை. மீன் வாடை அடிக்கும்.

"ஆயியே சாப், உள்ளே வாங்க. எங்களுக்கு ரெண்டு வருஷமா பழக்கம். உங்களுக்குப் புதுசு."

அவர் குடைக்குள் போனார். இருபது நிமிஷம் நின்றார். மேலே பார்த்தார், கூரை இருக்க வேண்டிய இடத்தை.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். யூனிஃபார்மைத் துவைத்து மடித்து, திருப்பிக் கொடுக்கப் பையில் எடுத்துக்கொண்டேன். கூப்பிடாமலே காக்காவும் கூட வந்தார்.

"ஏன் அங்கே கட்டினே?" என்றார் அதிகாரி.

"கைப்பழக்கம் சாப்."

காக்கா குறுக்கே வந்தார். "ரிவர்ஸ் போட்டது நான் சாப். பாக்காமப் போட்டேன். பாதித் தப்பு என்னோடது. ஆனா ஒண்ணு கேக்கலாமா? புது முளை எங்கே இருந்துச்சு? அதுமேல பலகை வச்சு, துணி விரிச்சு, டீ ஃப்ளாஸ்க் வச்சிருந்தாங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"அதுலேர்ந்துதான் நான் டீ குடிச்சேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. "போ. போய்க் கயிறு கட்டு" என்றார். பையைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அடுத்த மாதம் வரிசைக்குக் கூரை வந்தது. நீல ஷீட், போட் வரைக்கும். குழியையும் மூடினார்கள். வருஷக் கடைசியில் என் நிரந்தர ஆர்டரும் வந்தது. அந்த அதிகாரி பெரிய மனுஷன். காக்கா அதைவிட. ரெண்டு பேருக்கும் நான் நன்றி என்று வாயால் சொன்னதில்லை. எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். கூரைக்கு ஜனங்கள் 'ராஜு ஷெட்' என்று பேர் வைத்தார்கள். கல்லில் இல்லாத பேர்.

போன தை மாதம் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். பந்தக்கால் நடும்போது நான் பிடிக்க வேண்டும். வேறு வழியில்லை. சொந்தமெல்லாம் ரெண்டு அடி பின்னால் போனது. "அண்ணே, ஒத்த விரலால தொட்டா போதும்" என்றாள் தங்கச்சி. "கையில கயிறு இருக்கா பாருங்க" என்றாள் கமலா. மாப்பிள்ளை வீட்டார் ஏன் என்று கேட்க, கதை முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஒரு விரலால் தொட்டேன். கால் நின்றது.

கல்யாணத்தன்று மாலதி தீதி அக்கரையிலிருந்து வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். நல்ல வெயில். மேலே பந்தல். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டார்.