என் சாவுக்கு வந்து பிரேக் ஷூ வாங்கிப் போனவர்கள்

சுவாமே, குமாசி
ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போகாமல் எழுதுவது

மரியாதைக்குரிய அக்குவா அக்காவுக்குத் தம்பி குவாக்கு வணங்கி எழுதுவது. மாம்போங்கில் நீயும் உன் முழங்காலும் உன் ஆடுகளும் சுகமாக இருக்க ஆண்டவன் அருள வேண்டும். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். வழக்கமான உபசாரத்துக்காக இதை எழுதவில்லை, தகவலாகவே எழுதுகிறேன். நேற்று இந்த ஊரில் பாதிப் பேர் வேறு மாதிரி நம்பிவிட்டார்கள்.

விஷயம் உன் மகன் சார்பொங்கைப் பற்றியது. நம் குலத்தில் ஒருவனுடைய சொத்து அவன் மகனுக்குப் போகாது, அக்காள் மகனுக்கே போகும். அதனால்தான் அவன் படிப்பை முடித்ததும் என் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அழைத்துவந்து உட்கார் என்றேன். வியாபாரம் என்றால் உட்காருவதுதான். வாங்க வருகிறவன் முதலில் உட்கார வேண்டும், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்க வேண்டும், நான் ஒரு விலை சொல்ல வேண்டும், அவன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு எழுந்து போக வேண்டும், நான் திரும்பக் கூப்பிட வேண்டும். யாரும் சொல்லித் தராமல் நானாகக் கற்றது இது. உன் மகனோ கடையிலுள்ள சாமான் எல்லாவற்றையும் படம் பிடித்து, விலையையும் போட்டு, போனில் ஏற்றிவிட்டான். விலையை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது?

கேட்டால் பதில் வைத்திருக்கிறான்.

"மாமா, எல்லைக்கு அந்தப் பக்கம் வாகடூகுல ஒருத்தன் கியர்பாக்ஸ் ஐரோப்பாலேர்ந்து வரும்னு லாரிய நிறுத்திட்டு மாசக்கணக்கா காத்துக் கெடக்கான். அந்த கியர்பாக்ஸ் மேலதான் நீங்க காலை நீட்டிட்டு இருக்கீங்க."

"இருக்கட்டும். வேணும்னா தேடி வருவான்."

"நீங்க இங்க இருக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"என்னைத் தெரியாதவன் எனக்கு எதுக்குடா?"

என் இந்தக் கேள்வியை நீ நன்றாகக் கவனிக்க வேண்டும்.

வானொலியைத் திறந்தால் ஆப்பிரிக்காவின் பொருளாதாரமே இளைஞர்கள் கையில் என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் என் வயது. நான் அந்தக் கையைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அதில் ஏற்கெனவே போன் இருக்கிறது, ஒரு கண்டத்தை வைக்க இடமில்லை.

இந்தப் போன் வியாபாரத்தை ஊருக்குச் சொல்லச் சுவரொட்டி அடிக்கப் போனான். போன இடம், சாவுச் சுவரொட்டி தவிர வேறெதுவும் அடித்தறியாத அச்சகம். நான் விசேஷத்துக்கான கென்டே துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம். சுற்றிலும் கறுப்பு, சிவப்பு. "எடுப்பா இருக்கும் மாமா" என்றான். மேலே, 'நம் அனைவரின் நம்பிக்கைக்குரிய குவாக்கு துவோமோ'. கீழே, 'சனிக்கிழமை காலை, கடை வாசலில். அனைவரும் வருக'. அக்கா, பெரியவர் படம், கறுப்பு சிவப்பு, சாவுச் சடங்குக்கான சனிக்கிழமை. இதற்கு என்ன அர்த்தம் என்று உன் ஆடுகளுக்குக்கூடத் தெரியும். சார்பொங்குக்குத் தெரியவில்லை.

வந்தார்கள். கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். கூடாரம் வாடகைக்கு விடுகிறவன் யாரும் சொல்லாமலே நாற்காலிகளை இறக்கி ஒலிபெருக்கியையும் கட்டிவிட்டான். நான் வாசலுக்கு வந்ததும் இரண்டு பெண்கள் அழுகையைப் பாதியில் நிறுத்தி என்னை முறைத்தார்கள். எதிர்க்கடைக்காரன், சாவுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த ஜின் பாட்டிலோடு நின்றான்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"நான் நேத்தே அழுதுட்டேனேப்பா."

"பரவால்ல, கணக்குல வச்சுக்க. பின்னால உதவும்."

"அப்ப இந்தப் பாட்டில்?"

"அதை வச்சுட்டுப் போ."

"அப்படின்னா சாப்பாடு கிடையாதா?" என்று பின்னாலிருந்து ஓர் அம்மாள் கேட்டாள், நான் அவளை ஏமாற்றியது போல.

நான் அவமானத்தில் நிற்கும்போது உன் மகன் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தான். "பெரியவங்களே, எங்க மாமா நல்லாத்தான் இருக்காரு. உங்க வண்டிங்கதான் நல்லா இல்ல." தெருவில் நின்ற வண்டிகளைப் பார்த்தால் அது உண்மைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துக்கத்துக்கு வந்தவர்கள் போனைத் திறந்து பிரேக் ஷூ தேடினார்கள். பொழுது சாய்வதற்குள் அலமாரி காலி. என் சொந்தச் சாவில் என்னோடு ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை.

இது போதாதென்று, நாளைக்கு அவன் வடக்கே பஸ் ஏறப் போகிறானாம். முதலில் வாகடூகு, பிறகு பமாக்கோ. அங்கங்கே அவனைப் போல் பையன்களும் பெண்களும் இந்தப் போன் வியாபாரத்தில் சேர்ந்திருக்கிறார்களாம். கடையை யாரடா பார்ப்பது என்றேன். "கடை எங்கயும் போயிடாது மாமா" என்றான். கடை போகாது என்று எனக்கும் தெரியும். நான் போவேன். நேற்று எல்லோரும் அழுதுவிட்டுத் திரும்பிய பிறகு அந்தக் காலி அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் பின்னால் அந்த நாற்காலியில் யாரும் இருக்க மாட்டார்கள் போலிருந்தது.

ஆகவே நீ உடனே குலப் பெரியவர்களைக் கூட்டி இந்தக் கடிதத்தை உரக்கப் படித்து, சார்பொங் கடையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட வேண்டும். இல்லையென்றால் கடையை நான் பெற்ற மகனுக்கே எழுதிவைத்துவிடுவேன். அந்த அவமானத்தோடு நீ சந்தைக்குப் போய்க்கொள். அவனுக்கு நட்டும் தெரியாது, போல்ட்டும் தெரியாது. இருந்தாலும் எழுதுவேன்.

உன் வீட்டுப் பானை நிறைந்திருக்கவும், உன் பேச்சைக் கேட்கும் பிள்ளைகள் இனியாவது வாய்க்கவும் வேண்டுகிறேன்.

உன் தம்பி,
குவாக்கு துவோமோ

பி.கு.: இதை ஒட்டும் நேரத்தில் சார்பொங் வந்தான். வாகடூகு வியாபாரிகள், சரக்கெல்லாம் சரி, ஆனால் சின்னப் பையனோடு பேச மாட்டோம், வீட்டுப் பெரியவரை அனுப்பு, உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆகவே நாளைப் பஸ்ஸில் நான் போகிறேன். திரும்பும்வரை அவன் கடையில் உட்கார வேண்டியதுதான், வேறு வழியில்லை. மேலே உள்ளது எதையும் பெரியவர்களிடம் படிக்காதே. நான் சொன்னபடியே நடந்தது என்று மட்டும் சொல். அங்கிருந்து பமாக்கோவுக்குப் பஸ் உண்டா என்று உன் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் விசாரித்து வை. சார்பொங்கைக் கேட்டால் சிரிப்பான்.