குழுவைக் கவிழ்க்கச் சேர்ந்த உறுப்பினர்

தன் மனைவியை மாசக் கடைசிக்குள் வழிக்குக் கொண்டுவந்து காட்டுவதாகக் கண்ணாடிக்கடைக்காரர் சபதம் செய்தார். சபதம் நடந்த இடம் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. மனைவி அந்த நேரத்தில் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டியில் இருந்தாள். அவள் அவ்வளவு தூரத்தில் இருந்ததால்தான் சபதம் அவ்வளவு சத்தமாக வந்தது.

சபதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பில்டர். ஊருக்கு நடுவில் இருக்கும் குளத்தை மூடி, அதன்மேல் நாலு மாடியில் கடைகள் கட்டத் திட்டம் போட்டிருந்தவர். கண் பரிசோதனைக்கு வந்தவர்போல நாற்காலியில் சாய்ந்து, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் பார்த்தபடியே பேச்சைத் தொடங்கியிருந்தார்.

“எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது சார். அதைவிட நல்லாத் தெரியறது உங்க எதிர்காலம். கீழ்த்தளத்துல முனைக்கடை. ரெண்டு பக்கமும் ரோடு. அது உங்களுக்குத்தான்.”

கண்ணாடிக்கடைக்காரர் சொக்கிப்போனார். அவருடைய கடை ஒரு சந்துக்குள், மாவு மில்லுக்குப் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு துடைத்தாலும் கண்ணாடிமேல் மாவு படியும். மாட்டிப் பார்க்கிறவருக்கு உலகமே பனிமூட்டமாகத் தெரியும். “பவர் சரியில்ல” என்று கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

“ஆனா ஒரு சின்ன இடைஞ்சல் சார்,” என்றார் பில்டர். “குளம் காக்கும் குழுன்னு ஒண்ணு கிளம்பியிருக்கு. அதோட செயலாளர் உங்க வீட்டம்மா.”

‘அந்த இடைஞ்சல் சின்னதுன்னு யார் சொன்னது?’ என்று கேட்க வாயெடுத்தார். விழுங்கிக்கொண்டார்.

“அவளை நான் பார்த்துக்கறேன் சார். நான் ஒரு சொல்லு சொன்னா மறு சொல்லு வராது!”

உண்மைதான். மறு சொல்லாக ஒன்று வராது, நூறு வரும்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். “நிறுத்து!” என்று ஒரு மின்கம்பத்திடம் அதட்டினார். கம்பம் ஆடாமல் அசையாமல் நின்றது. நம்பிக்கை வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும், குழுவுக்காகத் துணியில் எழுதிக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் போய் நின்றார்.

“நிறுத்து!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எதை?”

“ஃபேனை. குளிருது.”

நிறுத்தினாள். வேர்த்துக் கொட்டியது. அந்த வேர்வையில்தான் அவருக்கு யோசனை பிறந்தது. வெளியில் நின்று உடைக்க முடியாததை உள்ளே புகுந்து உடைத்தால் என்ன?

“ஏம்மா, உங்க குழுவுல புது ஆள் சேர்க்கறீங்களா?”

“யாரு?”

“நான்தான். குளம்னா எனக்கு உயிராச்சே.”

“உயிரா? நாத்தம்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தெரு சுத்திப் போவீங்களே.”

“அது… தூரத்திலிருந்தே வச்ச பாசம். எனக்குத் தூரப்பார்வைன்னு தெரியாதா உனக்கு?”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பேர். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊசியைப் போட்டுவிடுவாள். போட்டதே தெரியாது.

“சரி, ஞாயித்துக்கிழமை வாங்க,” என்றாள்.

குழு கூடியது பல் டாக்டரின் கிளினிக்கில். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். சாது. அவர் தொண்டையைக் கனைத்து “வணக்கம்” என்றதுமே புது உறுப்பினர் துள்ளி எழுந்தார்.

“தலைவரே, ஒழுங்குப் பிரச்சினை!”

“வணக்கத்துல என்னங்க பிரச்சினை?”

“இந்தக் கூட்டத்துக்கு எனக்கு முறையா அறிவிப்பு வரல.”

“செயலாளர் உங்க வீட்டுலதானே இருக்காங்க? சொல்லலையா?”

“சொன்னா. ஆனா மனைவியா சொன்னாளா, செயலாளரா சொன்னாளா? மனைவி சொன்னது குழுவுல செல்லாது.”

“வீட்டுல?” என்றார் பல் டாக்டர்.

“அது வேற விஷயம்.”

அன்றைக்குக் கூட்டம் அதோடு முடிந்தது. அடுத்த கூட்டத்தில், அது குளமா, குட்டையா, ஏரியா என்று கிளப்பிவிட்டார். அதற்கடுத்ததில், குளத்தைக் ‘காக்கும்’ குழுவா, ‘காக்கின்ற’ குழுவா என்று இலக்கணம் பேசினார். ஒரு தீர்மானமும் நிறைவேறவில்லை. “கடைவாய்ப் பல்லைக்கூடப் பிடுங்கிடலாம். இவர் இருக்கறப்போ ஒரு தீர்மானத்தைப் பிடுங்க முடியல,” என்று பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் பில்டருக்குப் போன் போட்டு, “படுத்துடுச்சு சார், குழு படுத்தே போச்சு!” என்று சிரித்தார்.

விசித்திரம் என்னவென்றால், மனைவி கோபப்படவே இல்லை. வீடு திரும்பும்போதெல்லாம் பாராட்டினாள்.

“என்ன ஒரு கிடுக்கிப்பிடிங்க! தலைவர் அப்படியே வாயடைச்சுப் போயிட்டாரே!”

“அதெல்லாம் பிறவியிலேயே வர்றது.”

“ஆனா ஒரு குறை. வெறும் வாயாலயே கேக்கறீங்க. சட்டத்தோட கேட்டீங்கன்னா இன்னும் எடுப்பா இருக்கும்.”

மறுநாளே நூலகத்திலிருந்து நகரசபைக் கட்டட விதிகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். ‘தன் குழுவை இடிக்கத் தன் கையாலேயே கடப்பாரை எடுத்துத் தர்றாளே, பாவம்!’ என்று அவருக்கு மனைவிமேல் இரக்கம்கூட வந்தது. விழுந்து விழுந்து படித்தார். முகம் மழிக்கும்போதுகூட வடிகால் விதிகளை முணுமுணுத்தார். வாடிக்கையாளர் ஒருவர் எழுத்து அட்டையைப் படிக்கத் திணறியபோது, “மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு,” என்று சொல்லி அனுப்பினார்.

இந்த நிலையில் நகரசபை ஆணையர், பில்டரின் திட்டத்தைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் கூட்டினார். ஆட்சேபணை இருந்தால் அங்கே சொல்ல வேண்டும். இல்லையென்றால் லாரிகள் மண்ணைக் கொண்டுவந்து குளத்தில் கொட்ட ஆரம்பித்துவிடும்.

கூட்டத்தன்று காலையில் மனைவி தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காற்றுதான் வந்தது.

“தொண்டை கட்டிடுச்சுங்க. குழு சார்பா நீங்கதான் பேசணும்.”

“நானா?”

“உங்களை விட்டா வேற யாருக்குங்க சட்டம் தெரியும்?”

கண்ணாடிக்கடைக்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு கொஞ்சமல்ல. நகரசபை வாசலில் பில்டரை ஓரமாக இழுத்துப்போய், “மூணே வார்த்தை சார். ‘குழுவுக்கு ஆட்சேபணை இல்லை.’ சொல்லிட்டு உட்கார்ந்துடுவேன்,” என்று கண்ணடித்தார்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பக்கத்தில், மேசைமேல், கட்டப்போகும் வளாகத்தின் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நாலு மாடி, குட்டிக் குட்டிக் கார்கள், குட்டிக் குட்டிக் கடைகள். குளம் இருந்த இடத்தில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு நீரூற்று. கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஓர் இளைஞன் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கியை நோக்கி நடந்தவரின் சட்டையை மனைவி பிடித்தாள். “என்னங்க,” என்று கிசுகிசுத்தாள், “அந்த முனைக்கடையில ஏதோ பேர் எழுதியிருக்கு. பொடி எழுத்து, எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் கண்ணு கூர்மை. பார்த்துச் சொல்லுங்களேன்.”

முனைக்கடை! தன் பேரை அதற்குள் எழுதியே விட்டார்களா? ஆசையோடு குனிந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

‘மாப்பிள்ளை ஆப்டிகல்ஸ்.’

“தம்பி,” என்றார் இளைஞனிடம். “இது யார் கடை?”

“நம்ம கடைதான் சார். மாமனார் எனக்காகவே கட்டறார். இந்த ஊர்ல மொத்தமே ஒரு கண்ணாடிக்கடைதானாம். அதுவும் எங்கயோ மாவு மில்லு பக்கத்துலயாம். நாம திறந்தா தானா மூடிடுவாங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் ஒலிபெருக்கியின் முன் போய் நின்றார். முதல் வரிசையில் பில்டர் காலை ஆட்டிக்கொண்டு சிரித்தார்.

“குழுவுக்கு…” என்று தொடங்கினார். “ஆட்சேபணை…” என்று நிறுத்தினார். பிறகு கூரை அதிரக் கத்தினார்: “இருக்கு! ஐயா, ஒழுங்குப் பிரச்சினை!”

பில்டரின் கால் அந்தரத்தில் நின்றது.

“இந்தக் கூட்டத்துக்கு அறிவிப்பை எங்க ஒட்டினீங்க?”

“நகரசபை அறிவிப்புப் பலகையில,” என்றார் ஓர் அதிகாரி.

“பலகை எங்க இருக்கு?”

அதிகாரி நெளிந்தார். “பழுதுபார்க்கப் போயிருக்கு.”

அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவர் பில்டரின் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

“மழை பெஞ்சா உங்க கட்டடத்துத் தண்ணி எங்க போகும்?”

“குழாய்ல போகும்.”

“குழாய் எங்க போகும்?”

“பக்கத்துல இருக்கற குளத்துக்கு.”

“குளம் எங்க?”

இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்தார். அதைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். பிறகு பில்டரைப் பார்த்தார்.

“சுத்தியிருக்கற எல்லாத் தெருவுத் தண்ணியும் இன்னைக்கு அந்தக் குளத்துக்குத்தான் போகுது. அதை மூடினா எங்க போகும்? எங்க வீட்டுக்குள்ள வரும்! கோடையில எங்க கிணத்துல தண்ணி இருக்குன்னா அது குளம் கொடுக்கற ஊத்து. அதை மூடிட்டா கோடையில எதைக் குடிக்கறது, உங்க நீரூத்தையா?”

சொல்லும்போதே அவருக்குத் திடுக்கென்றது. அட, உண்மைதானே இது! ஆத்திரத்தில் ஆரம்பித்த குரல் அதற்குமேல் அடிவயிற்றிலிருந்து வந்தது. விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசினார். ஒரு தடவைகூடப் புத்தகத்தைப் புரட்டவில்லை. ஒவ்வொரு விதிக்கும் கைதட்டல். தபால்காரர் பெஞ்சின்மேல் ஏறி நின்று தட்டினார்.

ஆணையர் கையை உயர்த்தினார். “நியாயம்தான். ஆனா ஊருக்குக் கடைகளும் வேணுமே? வேற இடம் ஏதாவது உண்டா?”

கண்ணாடிக்கடைக்காரர் விழித்தார். புத்தகத்தில் அது இல்லை. அப்போது அவருக்குப் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல் கேட்டது.

“இருக்குங்க ஐயா!”

அவர் மனைவி. கட்டிப்போன தொண்டையில் கரகரப்பு மருந்துக்கும் இல்லை.

“பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல மூடிக்கிடக்கற நூல் மில்லு இருக்கு. மேட்டு நிலம், பெரிய ரோடு, வடிகால் எல்லாமே இருக்கு. அங்க கட்டட்டும், நாங்களே முதல் ஆளா சாமான் வாங்கப் போறோம். ஊர் வளர வேணாம்னு நாங்க சொல்லல. குளத்தோட கழுத்துல கால் வச்சு வளர வேணாம்னுதான் சொல்றோம்.”

ஆணையர் பக்கத்திலிருந்த அதிகாரிகளோடு குசுகுசுத்தார். பிறகு எழுந்து நின்று அறிவித்தார். குளத்தை யாரும் தொடக்கூடாது. பில்டர் மில் நிலத்துக்குப் புதுத் திட்டம் போட்டுக் கொண்டுவரலாம். அதையும் இந்தக் குழு பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அனுமதி.

அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. பல் டாக்டர் கண்ணாடிக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பில்டர் பல்லைக் கடித்தார். “மூணு வார்த்தைன்னீங்களே சார்?”

“அதுல ஒண்ணுதான் சார் மாறிப்போச்சு,” என்றார் அவர் அந்தரத்திலிருந்தபடியே.

வீட்டுக்கு நடந்துபோகையில் தெருவெல்லாம் அவருக்கு வணக்கம் வைத்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“ஏம்மா, உன் தொண்டை எப்போ சரியாச்சு?”

“நீங்க கத்தினப்போ.”

அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். “முனைக்கடை விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“பில்டர் பொண்ணுக்கு எங்க வார்டுலதாங்க பிரசவம். பேச்சுக் கொடுத்துக்கிட்டே ஊசி போட்டேன். அவங்க அப்பா உங்களுக்குக் காட்டின ஆசை உட்பட எல்லாத்தையும் கொட்டிட்டா. கடைக்கு என்ன பேர் வைக்கலாம்னுகூட என்னையே கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“‘மாப்பிள்ளை ஆப்டிகல்ஸ்.’ படிச்ச உடனே உங்களுக்கு விளங்கணுமே!”

“அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா கடைக்குள்ளயே பில்டரோட சண்டை போட்டு முடிச்சிருப்பீங்க. அருமையான சண்டை, அதை மாவு மில்லு பக்கத்துல வீணாக்கலாமா? ஆணையர் முன்னாடி போட்டா குளத்துக்கு ஆகுமே!”

கோபப்படலாமா என்று யோசித்தார். எதிரே வந்தவர், “அண்ணே, ஊரைக் காப்பாத்திட்டீங்க!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்த வாரமே குழு கூடியது. தபால்காரர் மகிழ்ச்சியோடு பதவியைத் துறக்க, செயலாளர் முன்மொழிய, கண்ணாடிக்கடைக்காரர் ஏகமனதாகத் தலைவரானார். தலைவர் ஆன பெருமையில், செயலாளர் நீட்டிய முதல் தீர்மானத்துக்குக் காது கொடுக்காமலேயே “ஆமோதிக்கிறேன்!” என்று கையைத் தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊரே குளத்தைச் சுற்றிக் கூடியது. கரை முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். தீர்மானப்படி தலைவர் முன்மாதிரியாக முதலில் இறங்கி, இடுப்பளவுச் சேற்றில் நின்று, ஆகாயத்தாமரைக் கொடிகளைக் கட்டுக் கட்டாகப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார். கரைமேல் காய்ந்த இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செயலாளர், கை ஒலிபெருக்கியை வாயில் வைத்து, கணீரென்ற குரலில் ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்:

“தலைவரே, இடது பக்கம் ஒரு கொத்து விட்டுப்போச்சு!”