எர்சிலியாவின் கழுவாத மோக்கா

சமையலறையில் பாத்திரம் கழுவும் மெஷின் கூவி ஓய்ந்தது. துல்லியோ கதவைத் திறந்தான். ஆவி விலகியதும், தட்டுகளுக்கு நடுவே மாமியார் எர்சிலியாவின் மோக்கா, அடுப்பில் வைக்கும் அலுமினியக் காபிப் பாத்திரம், தெரிந்தது. சாம்பலில் புரண்ட பூனை மாதிரி வெளுத்திருந்தது.

உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். ஒரு பொட்டுக் கறுப்பில்லை.

ஒவ்வொரு அக்டோபரிலும் இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து மூவரும் அரெஸ்ஸோ ஊர்ப் பழம்பொருள் சந்தைக்கு வந்து வீடெடுத்துத் தங்குவார்கள். மனைவி நோராவுக்குப் பழைய சர்க்கரை டப்பாக்கள் மேல் பைத்தியம். எர்சிலியாவோ, வாடகை வீட்டுக் காபிப் பாத்திரத்தைத் தொடமாட்டாள். தன் மோக்காவைத் துண்டில் சுற்றிக் கைப்பையிலேயே கொண்டுவருவாள். அது கல்யாணத்துக்கு வந்த மோக்கா. காலமான கணவர் அமெதேயோ கடைசிவரை அதில்தான் காபி போட்டார். சோப்பு அதன் உள்ளே பட்டதே இல்லை; காபிக் கறை கறுப்பாகப் படிந்திருந்தது.

"அந்தக் கறுப்பு அழுக்கில்லடி, உங்கப்பா" என்று மகளிடம் சொல்வாள்.

அந்த அப்பாவை இப்போது சோப்புத் தண்ணீர் சாக்கடைக்குக் கொண்டுபோய்விட்டது.

"தட்டோட சேர்த்துப் போட்டுட்டேன். ஒத்தாசையா இருக்கட்டும்னு" என்றான் துல்லியோ.

நோரா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா அம்மா உங்களை 'அந்த ஆளு'ன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. நேத்துதான் அப்பாவோட தோல் கோட்டை உங்களுக்குப் போட்டுவிட்டு, வாய் நிறைய மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாங்க. ஒரு நாள் தாங்கலையா உங்களுக்கு?"

எர்சிலியா தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தாள். வந்ததும் காபி கேட்பாள்.

துல்லியோ பழைய காபித்தூளை எடுத்து உள்ளே தேய்த்தான். ஒட்டவில்லை. வெறும் மோக்காவை அடுப்பில் வைத்துக் கறுப்பாக்கப் பார்த்தான். வெளியே புகை பிடித்தது. கைப்பிடி கருகிக் கையோடு வந்தது. நோரா இரண்டையும் துணிமூட்டைக்குள் ஒளித்துவிட்டு, சந்தையைப் பார்த்து விரலை நீட்டினாள்.

மாமனாரின் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். நெல்லோ என்பவனின் கடை முழுக்க மோக்காக்கள்தான். ஆனால் எல்லாம் தேய்த்து மெருகேற்றிப் பளபளத்தன. மேசைக்கு அடியில், காகிதத்தில் சுற்றிய ஒன்று கண்ணில் பட்டது. பிரித்துப் பார்த்தான். அதே அளவு, அதே குமிழ், உள்ளே அமாவாசைக் கறுப்பு.

"அது விக்கிறதுக்கில்ல சார். வருஷம் தவறாம வர்ற ஒருத்தங்களுக்கு எடுத்து வச்சது."

துல்லியோ மாமனார் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். நெல்லோவின் கண் கலங்கியது போலிருந்தது. உண்மையில் அது கோட்டின் மேல் இருந்தது.

"அப்ப அதைக் கழட்டுங்க."

குளிரில் பல் கிட்டிக்க, மாமனாரைக் கொடுத்து மாமனாரை மீட்டுக்கொண்டு திரும்பினான். நோரா காபி போட்டு முடிக்கவும் எர்சிலியா உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

அவள் ஒரு வாய் குடித்தாள். கண்களை மூடினாள்.

"அமெதேயோ" என்றாள் மெதுவாக.

நோரா சுவரில் சாய்ந்தாள். துல்லியோ மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டான்.

எர்சிலியா கண்ணைத் திறந்தாள். "கோட்டு எங்க மாப்பிள்ளை?"

ஒரு கடையில் கழற்றி வைத்து மறந்துவிட்டதாக உளறினான். அவர் கோட்டைக் கடைத்தெருவில் விடுவதா என்று அவள் அப்போதே கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எந்தக் கடை என்று வழியெல்லாம் கேட்டாள். இன்னும் கொஞ்சம் தள்ளி என்று அவன் இழுத்தடித்தான்.

சந்தை முனையிலேயே தெரிந்தது. நெல்லோ கோட்டைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று நின்றிருந்தான். இனி மறைக்க ஒன்றுமில்லை. துல்லியோ தொண்டையைச் செருமினான்.

"அத்தை, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்..."

அத்தை அவனைக் கவனிக்கவில்லை. வந்த வழியே நழுவப் பார்த்தாள். அதற்குள் நெல்லோ கையை ஆட்டிவிட்டான்.

"வாங்கம்மா. உங்களுக்குன்னு எடுத்து வச்சதை இவர்தான் அழுது வாங்கிட்டுப் போனாரு."

எர்சிலியாவுக்குத் திடீரென்று தேவாலய மணிக்கூண்டில் ஏதோ சுவாரசியமாகத் தென்பட்டது. நெல்லோ கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டான்:

"ஏம்மா, போன வருஷம் வாங்கினதையும் வழக்கம்போல மெஷின்ல போட்டுட்டீங்களா?"