மூச்சு நானாவும் துரையின் வயிறும்

கண்டியில் மூச்சு விடுகிற மனிதர் எவரையும் நம்பாத ஒருவர் இருந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவர்களை அதைவிடவும் நம்பமாட்டார். உம்மாவும் வாப்பாவும் அவருக்கு நல்ல பெயர் ஒன்று வைத்துத்தான் இருந்தார்கள். கண்டியிலுள்ள திருகோணமலை வீதியில் அது ஒருவருக்கும் தெரியாது. மூச்சு நானா என்றால் தபால்காரனுக்கும் தெரியும்.

நான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, அந்த வீதித் தையல்கடை ஒன்றில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே துணி வெட்டும் மாஸ்டர் அவர். அக்குறணைக்காரர். முதலாளி அவருக்குத் தூரத்துச் சொந்தம். திட்டும்போது மட்டும் நெருங்கிய சொந்தமாகிவிடுவார். ஆரம்பத்தில் நானாவுக்கு இந்தப் பட்டமும் இல்லை, சந்தேகமும் இல்லை. ஆள் படியேறும்போதே இடுப்பளவைச் சொல்லிவிடுவார். கத்திரிக்கோலைத் துணியில் வைத்தால் மறுகரை போய்ச் சேரும்வரை நிறுத்தமாட்டார்.

அந்தப் பெருமைக்கு ஒரு வயிற்றால் கேடு வந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் தம் துரைசாணியோடு வந்து, கிளப்பில் நடக்கும் நடனத்துக்குக் கறுப்புக் களிசான் ஒன்று, முழுக்காற்சட்டைதான், தைக்கக் கொடுத்தார். நானா அளந்தார், வெட்டினார், துரையும் போட்டுக்கொண்டு போனார். நடனத்தில் ஒரு சீமாட்டியின் கைக்குட்டை விழுந்தது. துரை மரியாதையாகக் குனிந்தார். களிசான் மரியாதை பார்க்காமல் கிழிந்தது. பாண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தி மூச்சு வாங்கிய நேரமாம், ஆகவே சபை முழுவதும் கேட்டதாம்.

மறுநாள் கடை நிறைய ஆட்கள். துரை வந்து களிசானை நானாவின் முகத்தில் எறிந்தார்.

“எவன் வெட்டினது? கழுதையா?” என்றார், தோட்டத்தில் படித்த தமிழில்.

முதலாளி ஓடிவந்து, எல்லோரும் பார்த்திருக்க, நானாவின் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பிடுங்கினார். “மூலையில போய் பொத்தான் தைங்க!” என்றார். நானா மூலையில் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பில் எழுதினேன்.

பிறகு முதலாளி மனமிரங்கிக் கத்திரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தபோது நானாவின் கை நடுங்கியது. பழைய சாக்கை வெட்டச் சொன்னாலும் நடுங்கியது. முதலாளி கடைசியாகச் சொல்லிவிட்டார்: “பெருநாளைக்கி முந்தி கை சரியாகாட்டி, கொழும்பிலிருந்து ஒரு ஆள கூட்டி வாரேன். நீங்க ஊருக்குப் போய் மொளகு காய வைங்க.”

அன்று தொடங்கியது சந்தேகம். முதலில் அளவு நாடாவைச் சந்தேகித்தார். காலையில் ஒருமுறை, மழை பெய்தால் ஒருமுறை அதை மரக்கோலோடு வைத்துப் பார்ப்பார். பிறகு நூலை, பிறகு ஸ்திரிக்கைப் பெட்டியை. துணி பேசாமல் கிடந்தாலும், “இது ஏன் இப்படி பேசாம கெடக்கு?” என்பார்.

ஒருநாள் நான் கடையின் பெரிய கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன். பொத்தான் மூலையிலிருந்து ஒரு சத்தம்.

“தம்பி! இப்ப என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலீங்க நானா.”

“பொய் சொல்லாதீங்க. வயிறு எங்க போன?”

குனிந்து பார்த்தேன். என்னை அறியாமலே வயிற்றை உள்ளே இழுத்து வைத்திருந்தேன். நானா கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“அளக்கிற நேரம் அந்த தொரயும் இதுக்கு முன்னுக்குத்தான் நின்ட. பக்கத்துல பொஞ்சாதி வேற.”

அதற்குப் பிறகு ஊரில் யாருடைய வயிறும் தப்பவில்லை. முதலாளி ஆட்களை அளக்கும்போது மூலையிலிருந்து, “புடிச்சிட்டாரு முதலாளி, மூச்ச புடிச்சிட்டாரு!” என்று கத்துவார். யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவருக்கு இதில் ரோசம் வந்துவிட்டது. “ஐசே, நான் கோட்டுத் தைக்க வந்தனான், களவெடுக்க வரேல்லை” என்று போனவர் திரும்பி வரவில்லை. நானா கண்ணாடிக்குக் கறுப்புத் துணி போர்த்திவைத்தார். கடையில் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் விசாரிக்க வந்தார்கள். பெரஹரா பார்க்கக் கூட்டிப்போனேன். அங்கும் ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனங்களின் வயிற்றையே பார்த்தார். யானைகள் வந்தபோது மட்டும் திரும்பினார். “இது ஒன்டுதான் தம்பி வயித்த மறைக்கிறல்ல” என்றார் மரியாதையோடு.

குற்றவாளியைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. “எனக்குத் தெரிஞ்சி என்ன? அளந்து பார்த்தாத்தானே மெய்” என்று பெருமூச்சு விடுவார்.

பெருநாள் நெருங்கியபோது அதே துரை, அதே துரைசாணியோடு வந்து இறங்கினார். கொழும்புப் பெரிய கடையில் தைத்த களிசானும் கிழிந்துவிட்டதாம். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கறுப்புத் துணியை உருவி எறிந்து, துரையைக் கண்ணாடி முன் நிறுத்தி, தானே நாடாவை எடுத்தார். துரை துரைசாணியைப் பார்த்தார். வயிறு மாயமாய் மறைந்தது.

“அளக்காதீங்க முதலாளி!”

நானா பொத்தான்களைச் சிதறடித்துக்கொண்டு எழுந்து வந்தார். என் காதருகே குனிந்து, “தம்பி, உங்களுக்கு இங்கிலீஸ் தெரியுமே. மனுசன் கவலப்படுற கேள்வி ஒன்டு கேளுங்க” என்றார்.

துரைமாருக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு கவலைதான். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தேயிலை விலை இப்போது எப்படி என்று இங்கிலீஷில் பணிவாகக் கேட்டேன்.

துரை கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார் பாருங்கள்! மேசையிலிருந்த பில்கள் பறந்தன. அந்த மூச்சோடு வயிறும் இறங்கி, ஆண்டவன் அதற்கு வைத்த இடத்தில் வந்து நின்றது. நானா முதலாளியின் கையிலிருந்து நாடாவைப் பறித்துப் பின்பக்கமாகப் பாய்ந்து வளைத்துப் பிடித்தார். அளவை அவர் உரக்கச் சொன்னார். துரைசாணி சிரித்தேவிட்டாள். துரை காதுவரை சிவந்தார், ஆனால் கழுதை என்று சொல்லவில்லை.

முதலாளி கத்திரிக்கோலை நீட்டினார். நானா பிஸ்மி சொல்லித் துணியில் வைத்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை. மறுகரை போய்ச் சேரும்வரை கத்திரிக்கோல் நிற்கவும் இல்லை. அடுத்த நடனத்தில் துரை வேண்டுமென்றே கைக்குட்டை தேடிக் குனிந்ததாக அவருடைய டிரைவர் வந்து சொன்னான்.

கொழும்பு ஆள் வரவில்லை. ஆனால் போன கை திரும்பி வந்தாலும் வந்த சந்தேகம் போகவில்லை. என் கலியாணக் கோட்டுக்கு அளக்க, பணிஸும் பிளேன் டீயும் வாங்கிக்கொடுத்து, பெண்வீட்டாரைப் பற்றி விசாரித்து, நான் அசந்த நேரம் பார்த்துத்தான் நாடா போட்டார். கோட்டு தொளதொளவென்று இருந்தது.

“என்ன நானா, இவ்வளவு பெருசா?”

“சிரிக்கிறதுக்கு எடம் உட்டீக்கி தம்பி. கலியாணம் முடிச்சா தேவப்படும்.”

நானா மௌத்தாகிப் பல வருசமாகிவிட்டது. இப்போதும் எந்தக் கடையில் பெரிய கண்ணாடியைக் கண்டாலும், முன்னால் போய் நின்று வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். பின்னாலிருந்து யாராவது, “மூச்ச உடுங்க தம்பி” என்று சொல்லமாட்டார்களா என்றுதான்.