நிரப்பித் தர வேண்டிய பாத்திரம்

வாசல் கதவைத் திறந்த ஆர்டிஸ், படியில் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்த்ததும் கதவை மறுபடியும் சாத்திவிட்டாள்.

"என்ன, கரடியா?" என்று சமையலறையிலிருந்து கேட்டான் அவள் கணவன் வெர்லின்.

"பாத்திரம். திரும்பி வந்துடுச்சு."

"உள்ள என்ன?"

"ஆப்பிள் பை."

வெர்லின் முள்கரண்டியோடு வந்து நின்றான். பாத்திரம் வரத் தொடங்கிய பிறகு பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டவன் அவன். மனைவியின் துயரத்தில் அவனுக்குப் பங்கில்லை, மாவுக்குள் பழம் பொதிந்து சுட்ட அந்தப் பையில்தான் பங்கு.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கொரின், செப்டம்பரில் ஒருநாள் அந்தப் பாத்திரம் நிறைய வாழைப்பழ ரொட்டி கொண்டு வந்தாள். "ரொம்ப தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு வெட்கத்தோடு போய்விட்டாள். கொடுப்பவளே நன்றியும் சொல்கிறாளே, நல்ல பெண் என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள். மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் மாதா கோயிலுக்குக்கூட நாலு வாரம் போகாமல் இருக்கலாம். அடுத்தவர் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் மானம் கப்பலேறிவிடும். ஆகவே எலுமிச்சை கேக் செய்து வைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பாத்திரம் பட்டைத்தூள் மணக்கும் ரொட்டிச் சுருளோடு திரும்பி வந்தது. இவள் இஞ்சி பிஸ்கட் வைத்தாள். இப்போது ஆப்பிள் பை.

கொரினோடு அவளுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. நேரம்தான் இல்லை. மூன்று வாரத்தில் தங்கை ஜனெலுக்குக் கல்யாணம். இறந்துபோன அம்மாவின் கவுன்களை வெட்டித் துண்டு துண்டாகச் சேர்த்து, மடியில் போர்த்திக்கொள்ளும் அளவுக்கு ஒரு போர்வை தைத்துத் தருவதாக ஆர்டிஸ் வாக்குக் கொடுத்திருந்தாள். ஊசி வேலையில் பாதிகூட முடியவில்லை. அலுவலகம் போய் வந்து மிஞ்சும் நேரத்தை அடுப்பு தின்றுகொண்டிருந்தது.

முதலில் ஒரு தந்திரம் செய்தாள். கொரின் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, பூசணி கேக்கோடு பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். முகம் பார்த்துக் கொடுக்காவிட்டால் பதில் மரியாதை தேவைப்படாது என்பது அவள் கணக்கு. மறுநாள் பாத்திரத்தில் குருதிநெல்லி என்ற புளிப்புப் பழம் போட்ட ரொட்டியும், அதன்மேல் பைன் மரக் காய்களைக் கோத்துச் செய்த, கதவில் மாட்டும் மாலை ஒன்றும் வந்தன.

சரி, தின்பண்டத்தை நிறுத்தினால் போட்டி நிற்கும் என்று, எப்போதோ பின்னி வைத்திருந்த சூடான சட்டியைப் பிடித்து இறக்கும் துணிகள் இரண்டைப் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பதிலாக ஜாம் பாட்டில்களில் ஊற்றிய மெழுகுவர்த்தி நான்கு வந்தன. கூடவே ஒரு சாக்லெட் கேக். இப்போது அடுக்களை வேலையோடு கைவேலையும் சேர்ந்துகொண்டது.

"பேசாம கடையில வாங்கிக் குடுத்துடேன்," என்றான் வெர்லின், கேக்கை விழுங்கிக்கொண்டே.

ஆர்டிஸ் அதையும் செய்தாள். டப்பா பிஸ்கட்டை அப்படியே அடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாள். இவ்வளவு கேவலமான பண்டத்தைப் பார்த்த பிறகாவது கொரின் தன்னை வெறுத்து ஒதுக்குவாள் என்று நம்பினாள். கொரினோ, ஆர்டிஸுக்கு உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று பதறி, கோழிக்கறி பொதிந்த பை ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

கல்யாணம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலையில் ஒருவழியாகப் போர்வையின் கடைசித் தையல் விழுந்தது. நடுவில் அம்மாவின் நீலப்பூ கவுன், சுற்றிலும் அவள் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்ட கட்டம் போட்ட துணி. ஆர்டிஸ் அதைக் கன்னத்தில் ஒருதரம் ஒற்றிக்கொண்டு, மடித்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் பாத்திரம். அதற்குப் பக்கத்தில், பாத்திரத்துக்கென்று சுட்ட இஞ்சி ரொட்டி. அலுவலகம் போன பிறகுதான் ஞாபகம் வந்து வெர்லினுக்குப் போன் செய்தாள். மேஜைமேல் இருப்பதைப் பாத்திரத்தில் வைத்து எதிர்வீட்டில் கொடுத்துவிடு என்றாள்.

மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது வெர்லின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ரொட்டி பிரமாதம்."

ஆர்டிஸ் மேஜையைப் பார்த்தாள். "போர்வை எங்க?"

"நீதானே குடுக்கச் சொன்னே. ரிப்பன்கூடக் கட்டிக் குடுத்தேன்."

"ரொட்டியைக் குடுக்கச் சொன்னேன், மடையா."

"சூடா இருந்துச்சு," என்றான் வெர்லின் பரிதாபமாக. "எனக்குன்னு நெனச்சுட்டேன்."

அதற்குள் போன் மணி அடித்தது. கொரின்தான். பேச முடியாமல் அழுதாள். ஊருக்குப் புதிதாக வந்தவளுக்கு இப்படி ஒரு பரிசை யார் தருவார்கள், கட்டிலில் விரித்துவிட்டேன், சாகும்வரை இதை விட மாட்டேன் என்றாள். ஆர்டிஸ் "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அம்மா இன்னொருமுறை செத்துப்போனதுபோல் உட்கார்ந்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கொரினின் சமையலறை போர்க்களமாக இருந்தது. மூன்று கேக்குகள், சரிந்துபோன ஒரு பை, பாதி பின்னிய சால்வை. முழங்கைவரை மாவோடு நடுவில் கொரின் நின்றாள், கண்ணெல்லாம் சிவந்து. மாதா கோயில் விற்பனைக்கு வீடு வீடாகச் சாமான் சேகரிக்க வந்த லுவெல்லா என்ற முதியவள், மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மனுஷி இருக்கிறாளே என்று தயங்கினால் தங்கை வெறுங்கையோடுதான் மணமேடைக்குப் போவாள். ஆர்டிஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். போர்வை தங்கையுடையது, கணவன் செய்த தப்பு, தன்னால் இனி சுட முடியாது, பின்ன முடியாது.

"என்னை மன்னிச்சுடுங்க, கொரின். உங்க பாத்திரத்தை நீங்களே வெச்சுக்கங்க. இனிமே எனக்கு அனுப்பாதீங்க."

கொரின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஆர்டிஸ் பயந்தது நடக்கவில்லை. கொரினின் முகம் மலர்ந்தது.

"நேத்திலேர்ந்து தூங்கல, ஆர்டிஸ். அந்தப் போர்வைக்கு ஈடா நான் என்னத்த வெச்சுக் குடுப்பேன்னு," என்றபடி உள்ளே ஓடிப்போய்ப் போர்வையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். ஆர்டிஸ் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள், கொஞ்சம் அழுதார்கள். பிறகு கொரின் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து நீட்டினாள்.

"இதையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. உங்க பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிக் குடுத்தே எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"என் பாத்திரமா? உங்களோடதுல்ல?"

"நான் குடிவந்த அன்னிக்கு நீங்கதானே இதுல சாப்பாடு போட்டு, வாசப்படியில வெச்சுட்டுப் போனீங்க?"

இருவரும் பாத்திரத்தின் இரு காதுகளையும் பிடித்தபடி விழித்தார்கள். லுவெல்லா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இருவர் கைக்கும் நடுவில் குனிந்து பாத்திரத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"வெச்சுட்டுப் போனது நான், பொண்ணுங்களா. ரெண்டு மாசம் கழிச்சு என் பாத்திரத்தை வெறுமனேயா குடுக்கப்போறீங்க?"