கோலிவாவில் எத்தனை திராட்சை?

“எத்தனை திராட்சை தின்னுச்சு?” என்று தொலைபேசியில் கேட்டாள் கால்நடை டாக்டரம்மா.

“அது சொல்ல மாட்டேங்குதே!” என்று கத்தினார் ஸ்தெர்யோஸ்.

வாசல் மிதியடியில் வாந்தி எடுத்துவிட்டு, மீசையெல்லாம் சர்க்கரைப் பொடியோடு உட்கார்ந்திருந்தது அவருடைய கறுப்புப் பூனை கத்ராமி. பக்கத்தில் கிழிந்த காகிதப் பை. அதில் வேகவைத்த கோதுமை, மாதுளை முத்து, எள். இறந்தவர்களுக்காகக் கோவிலில் மந்திரித்து வாங்கிவரும் கோலிவா. அன்று ஆன்மாக்களின் சனிக்கிழமை. தெசலோனிகி நகரம் முழுக்க அந்தப் பை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

மந்திரித்ததைக் குப்பையில் போடக்கூடாது. தின்ன முடியாதவர்கள் பறவைக்கோ விலங்குக்கோ வைத்துவிடுவார்கள். யாரோ தங்கள் புண்ணியத்தைத் தன் பூனையின் வயிற்றில் கொட்டியிருக்கிறார்கள் என்று ஸ்தெர்யோஸ் முடிவு கட்டினார்.

“உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துடலாம்” என்றாள் டாக்டரம்மா. “நான் வெளியூர்ல இருந்து வந்துட்டிருக்கேன். முக்கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. எண்ணிக்கை தெரிஞ்சா நல்லது. மிச்சத்தையும் எடுத்துட்டு வாங்க.”

பையைக் கிளறிப் பார்த்தார். ஒரு திராட்சைகூட இல்லை. அத்தனையையும் பொறுக்கித் தின்றிருக்கிறது!

லிஃப்டுக்குள் ஒரு வருடமாக அவருடைய பட்டியல் ஒட்டியிருந்தது. ‘என் பூனைக்குக் கொடுக்கக் கூடாதவை: வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட். மீறினால் வழக்கு.’ அதன் அடியில் யாரோ ‘மீனுக்கு ஜாமீன் உண்டா?’ என்று கிறுக்கியிருந்தார்கள்.

முப்பது வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பது அவருடைய தொழிலறிவு. மனைவி ஸ்மாரோ போன பிறகு அதுவே மதமாகிவிட்டது. அடக்கத்தன்று பாதிரியார் வேறொரு பெண்ணின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அன்று கோவிலைவிட்டு வெளியே வந்தவர்தான், மறுபடி உள்ளே போகவில்லை. இப்போது வீட்டில் அவரும் பூனையும். ஒரே மேசை, ஒரே தட்டு. முந்தின நாள்கூட இறைச்சி உருண்டையில் பாதி அவருக்கு, பாதி கத்ராமிக்கு. அதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவர் குரலைக் கேட்க ஒரு காது மிஞ்சாது.

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கோபத்தில் கதவைச் சாத்த மறந்தார்.

முதல் மாடியில் பள்ளிக்கூட ஆசிரியை மெரோபி.

“நீங்கதானே வச்சது?”

“முதல்ல உள்ள வா. இந்தா, எங்க அப்பாவுக்காக ஒரு கரண்டி.”

“திராட்சை எத்தனை போட்டீங்க?”

“அப்பா ஆத்மாவுக்குக் கணக்குப் பார்த்தா போடுவாங்க? சாப்பிடு.”

இறந்தவர் பெயரில் தருவதை மறுக்க முடியாது. வாயில் போட்டார். நாக்காலேயே எண்ணினார். பதினொன்று. ஒரு கரண்டிக்குப் பதினொன்று!

“கடவுள் அவரை மன்னிக்கட்டும்னு சொல்லு.”

“ம்ம்ம்னிக்...”

“வாயில வச்சுக்கிட்டுப் பேசாதே.”

மெரோபியின் கோலிவாவில் பாதாம் இருந்தது, எள் இல்லை. பையை வைத்தது இவள் இல்லை. ஒரு கொலைகாரியை விட்டுவிட்டு அடுத்தவளைத் தேடி மேலே ஏறினார்.

இரண்டாம் மாடியில் தையல்காரி பொலிக்ஸேனி. கதவைத் திறந்தவள் கையில் கிண்ணம். கிண்ணத்தில் கோதுமை, மாதுளை, எள்.

“நீதானா!”

“ஆமா, உங்க கதவுல மாட்டினது நான்தான். அது எதுக்குன்னா...”

“எதுக்குன்னு எனக்குத் தெரியும்! எத்தனை திராட்சை?”

“திராட்சையே போடலை.”

ஸ்தெர்யோஸ் சிரித்தார். ஓடும் பேருந்தில், டிக்கெட் சட்டைப் பையில்தான் இருந்தது என்று சொல்பவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு.

“திராட்சை இல்லாத கோலிவா! இந்த ஊர்ல எவளாவது பண்ணியிருக்காளா? யாருகிட்ட கதை விடறே? ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்லப் பார்த்துட்டு, பொய் வேற! உனக்கெல்லாம் கோவில் ஒரு கேடு!”

பொலிக்ஸேனி கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். மெதுவாகக் கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல் சாத்தப்பட்ட கதவு அவருக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. ஒரு நிமிடம் அதையே முறைத்தார்.

மேலே வந்தால் மிதியடி காலி.

“கத்ராமீ!”

லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம். பூனை அதில்தான் ஏறியிருக்க வேண்டும், வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடினால் வண்டியில் அடிபடும். ஸ்தெர்யோஸ் படிகளில் பாய்ந்து, கீழ்த்தளத்துப் பெட்டியைத் திறந்து, லிஃப்டின் மின்சாரத்தைத் துண்டித்தார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது.

உள்ளேயிருந்து மெரோபியின் குரல்: “எந்த மடையன்டா அது?”

“பூனை அங்க இருக்கா?”

“இருக்கு, என் பின்னாலயே ஏறிடுச்சு. நானும் இருக்கேன். நாலாவது மாடிக்குக் குடுத்தது போக மிச்சத்தோட தாம்பாளமும் இருக்கு.”

ஸ்தெர்யோஸ் கணக்குப் போட்டார். கரண்டிக்குப் பதினொன்று. ஒரு தாம்பாளம்.

“அதைத் தின்ன விடாதீங்க!”

“இருட்டுல யார் எதைத் தின்றாங்கன்னு எனக்கு எப்படிடா தெரியும்? என் கால்ல எதோ நக்குது!”

பதற்றத்தில் மின்சாரத்தைப் போட்டார். லிஃப்ட் குலுங்கியது. உள்ளே தாம்பாளம் விழுந்தது. கதவு திறந்தபோது, தலையெல்லாம் கோதுமையும் கண்ணெல்லாம் நீருமாக மெரோபி நின்றாள். காலடியில் கத்ராமி வாயை நக்கிக்கொண்டிருந்தது.

“எங்கப்பா செத்தப்பகூட நான் இவ்வளவு அழலை” என்றாள் மெரோபி.

நாலாவது மாடி பந்தெலிஸ் படியிறங்கி வந்தார். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுபவர். அத்தனையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேன் சாவியை எடுத்தார்.

“ஏறு” என்றார்.

வழி முழுக்க ஸ்தெர்யோஸ் கத்திக்கொண்டே வந்தார். பொலிக்ஸேனியை, மெரோபியை, பாதிரியாரை, நகராட்சியை. மடியில் பூனையை இறுக்கிப் பிடித்திருந்தார். பந்தெலிஸ் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

டாக்டரம்மா பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். ஊசி போட்டாள். மேசைமேலேயே கத்ராமி இன்னொரு முறை வாந்தி எடுத்தது. கையுறை போட்ட விரலால் அதைக் கிளறினாள்.

“இதுல திராட்சையே இல்லையே.”

“எல்லாத்தையும் ஜீரணம் பண்ணிடுச்சா?” என்று கேட்டார் ஸ்தெர்யோஸ்.

“பூனைக்கு இனிப்போட ருசியே தெரியாது, ஐயா. கோதுமையை விட்டுட்டுத் திராட்சையாப் பொறுக்க அதுக்கு என்ன கிறுக்கா?” காகிதப் பையையும் கிளறினாள். “இதுல முதல்லயே திராட்சை இல்லை. ஆனா வாந்தியில வெங்காயம் இருக்கு. நல்லா வதக்கின வெங்காயம். நேத்து என்ன குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கலை. இறைச்சி உருண்டை. அது வெறும் இறைச்சி.”

டாக்டரம்மா அவரையே பார்த்தாள். கிரேக்க நாட்டில் வெங்காயம் போடாமல் யாரும் இறைச்சி உருண்டை உருட்டியதில்லை.

“பிழைச்சுக்கும். ரெண்டு நாள் இங்க இருக்கட்டும். இனிமே உங்க தட்டை உங்களோட வச்சுக்கோங்க.”

ஸ்தெர்யோஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. கோபத்துக்கு இப்போது போக்கிடம் இல்லை. ஆனாலும் அது போவதாக இல்லை.

“அது சரி” என்று எழுந்தார். “வெங்காயம் நான்தான், ஒத்துக்கறேன். ஆனா அவ எந்தத் தைரியத்துல என் கதவுல மாட்டினா? யாரோ செத்ததுக்குப் பண்ணின கோலிவாவை என் பூனைக்கு வைக்க, என் வீடென்ன குப்பைத் தொட்டியா?”

பந்தெலிஸ் தொப்பியைக் கழற்றினார். ஒரு வருடத்துக்கான பேச்சை மொத்தமாகச் செலவு பண்ணப் போகிறவர்போல மூச்சை இழுத்துக்கொண்டார்.

“பூனைக்கு யாரும் எதுவும் வைக்கலை, ஸ்தெர்யோ. லிஃப்ட்ல உன் பட்டியலைப் பார்த்து, உன் தட்டுல பூனையும் வாய் வைக்கும்னுதான் திராட்சை போடாமப் பண்ணியிருக்கா. அது ஸ்மாரோவுக்கு. இந்தத் தடவையாவது பாதிரியார் பேரைச் சரியாச் சொல்லணும்னு, பொலிக்ஸேனி அவர் பக்கத்துலயே நின்னா.”